வத்தல் காரமும் வயிற்றுக் கொழுப்பும்

மிளகாய் கொழுப்பைக் கரைக்கும் என்ற பேச்சு உடற்பயிற்சிக் கூடத்தில் தொடங்கி மருந்துக்கடை அலமாரி வரைக்கும் வந்துவிட்டது. மிளகாய்ச் சத்து அடைத்த மாத்திரைகளை 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது' என்று சொல்லி விற்கிறார்கள். அவ்வளவு காசு செலவழிக்க மனமில்லாதவர்கள், குழம்பில் இன்னும் நாலு வத்தலைக் கூட்டிப் போட்டால் தொப்பை இறங்காதா என்று கேட்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. முண்டு வத்தல் விளைகிற மண் இது. 2023இல் அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொழுப்பைக் கரைக்கும் சரக்கு நம் களத்திலேயே காய்கிறது என்றால் ஆசை வரத்தானே செய்யும்?

அந்தப் பேச்சு முழுப் பொய் அல்ல. மிளகாயில் இருக்கும் ஒரு பொருள் உடம்பின் எரிப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று யாரும் சொல்லாமல் விடுவதுதான் கோளாறு. அதை நிதானமாகக் கணக்குப் பார்ப்போம்.

முதலில் முண்டு வத்தலையே எடுத்துக்கொள்வோம். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, பரமக்குடி, திருவாடானை வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பயிர் இது. தை பிறந்த பிறகு பழம் பறிக்கத் தொடங்கி, கோடை ஏற ஏறக் களம் சிவந்துவிடும். நீள மிளகாயான சம்பாவும் இங்கே உண்டு. ஆனால் பெயர் வாங்கித் தந்தது உருண்டையாக, தடித்த தோலோடு, அடர் சிவப்பில் மினுங்கும் முண்டுதான். காய்ந்த முண்டு ஒன்றைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். பிளந்து பார்த்தால் விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய நரம்பு ஒன்று தெரியும். காரம் விதையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஊறுவது இந்த நரம்பில். ஒட்டிக்கொண்டிருப்பதால் விதையும் காரம் வாங்கிக்கொள்கிறது.

அந்தக் காரப் பொருளின் பெயர் கேப்சைசின். 1876இல் ஜான் கிளாவ் த்ரெஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். காம்பு கிள்ளும் பெண்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க வத்தல் குவியலுக்கு முன் உட்கார்ந்து கிள்ளிய விரல்களை எத்தனை குடம் தண்ணீரில் கழுவினாலும் எரிச்சல் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால்தான் கொஞ்சம் அடங்கும். அந்தக் கையைத் தெரியாமல் கண்ணில் வைத்துவிட்டால் அன்றைய வேலை அதோடு சரி.

கை எரிவதும் நாக்கு எரிவதும் ஏன் என்பதற்கு விடை 1997இல்தான் கிடைத்தது. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸும் அவரது குழுவினரும் நரம்பு முனைகளில் கேப்சைசினை உணரும் ஏற்பி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டி.ஆர்.பி.வி.1 என்று அதற்குப் பெயர். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்து மூளைக்குச் சேதி சொல்வது அதன் வேலை. கேப்சைசின் பட்டாலும் அதே ஏற்பி திறந்துகொள்கிறது. ஆகவே நாக்கில் எதுவும் வேகாவிட்டாலும் 'சுடுகிறது' என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கொழுப்புக் கதை இங்கிருந்துதான் கிளம்புகிறது. இதே ஏற்பிகள் குடலிலும் இருக்கின்றன. அங்கிருந்து போகும் சேதியால் நரம்பு மண்டலம் சுறுசுறுப்பாகி, நார்அட்ரினலின் என்ற சுரப்பு கூடுகிறது. உடம்பில் பழுப்புக் கொழுப்பு என்று ஒரு வகை உண்டு. கழுத்து, தோள்பட்டைப் பகுதிகளில் சிறிதளவு இருக்கும். சாதாரணக் கொழுப்பு சேமித்து வைக்கும். இது எரித்துச் சூடாக்கும். நார்அட்ரினலின் போய்ச் சொன்னால் பழுப்புக் கொழுப்பு எரியத் தொடங்கும். கோட்பாடு இவ்வளவுதான். எலிகளில் இது நன்றாகவே வேலை செய்தது. 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கொழுப்பு மிகுந்த தீவனத்தோடு கேப்சைசினையும் எலிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீரகத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு குறைந்தது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திலும் மிளகாயையும் கேப்சைசினையும் எலிகளுக்குக் கொடுத்துப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள்.

ஆனால் எலிக்குப் பழுப்புக் கொழுப்பு நிறைய, வளர்ந்த மனிதருக்குக் குறைவு. அதுவும் குளிர் பட்டால்தான் அது நன்றாக வேலை செய்யும். ஜப்பானின் குளிர்ப் பிரதேசமான சப்போரோவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. காரமில்லாத ஒரு மிளகாயிலிருந்து எடுத்த, கேப்சைசினுக்கு நெருங்கிய உறவான பொருளை இளைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பழுப்புக் கொழுப்பு சுறுசுறுப்பாக இருந்தவர்களிடம் எரிப்பு மணிக்குச் சுமார் மூன்றரைக் கலோரி கூடியது. அது இல்லாதவர்களிடம் அரைக் கலோரிகூட ஏறவில்லை. தனுஷ்கோடி வெயிலில் நிற்கிற உடம்புக்குச் சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடு. அங்கே உள்ளே அடுப்பு மூட்டும் கொழுப்புக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

எரிப்புக்கு அடுத்தது பசி. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் 25 பேருக்கு ஒரு வேளை உணவில் ஒரு கிராம் மிளகாய்ப் பொடி சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த நாலரை மணி நேரத்தில் கூடுதலாக எரிந்தது ஏறக்குறைய 10 கலோரி. அரை ஸ்பூன் சர்க்கரையில் இருப்பது அவ்வளவு. பசி குறைந்ததும் உண்மை. ஆனால் நன்றாகக் குறைந்தது காரம் சாப்பிட்டுப் பழக்கமில்லாதவர்களுக்குத்தான். பழகியவர்களிடம் அந்த விளைவு தென்படவில்லை. பால் மறந்த நாளிலிருந்து மீன்குழம்பு பிசைந்து ஊட்டி வளர்த்த கடற்கரைப் பிள்ளைகள் இதில் எந்தப் பக்கம் என்பது சொல்லாமலே விளங்கும். இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது. மிளகாயை நாக்கில் பட உணவோடு சாப்பிட்டபோது கொழுப்பு எரிவதில் தெரிந்த மாற்றம், அதையே மாத்திரையாக விழுங்கியபோது அந்த அளவுக்கு இல்லை. மாத்திரை விற்பவர்கள் இந்த வரியை மட்டும் எடுத்துக்காட்டுவதில்லை.

சரி, அளவைக் கூட்டினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு அது. எடை கூடியவர்களைக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து முதலில் எடையைக் குறைத்தார்கள். பிறகு மூன்று மாதம் ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 135 மில்லிகிராம் கேப்சைசினும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். கேப்சைசின் சாப்பிட்டவர்களின் உடம்பு கொழுப்பைக் கொஞ்சம் கூடுதலாக எரித்தது. ஆனாலும் இழந்த எடை திரும்பி ஏறுவதை அது தடுக்கவில்லை. இரு பிரிவுக்கும் ஒரே கதிதான்.

அந்த 135 மில்லிகிராமை நம் வத்தலில் கணக்குப் போடலாம். முண்டு வத்தலில் கேப்சைசின் சுமார் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை இருக்கும். நடுவாக 0.15 என்று வைத்துக்கொண்டால், 135 மில்லிகிராமுக்கு 90 கிராம் வத்தல் வேண்டும். ஒரே ஆள், ஒரே நாளில். நாளுக்கு ஆளுக்கு ஐந்து கிராம் என்று பார்த்தால், நாலு பேர் குடும்பத்துக்கு நாலரை நாள் குழம்புக்கு ஆகும் வத்தல் அது. அதைத் தின்ற வயிறு எடை பார்க்கும் மேடைக்குப் போகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். அப்படித் தின்றே தீர்த்தாலும், நெதர்லாந்துக்காரர்களுக்குக் கிடைக்காத பலன் நமக்கு மட்டும் கிடைக்கப் போவதில்லை.

பல ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் வெளியான மதிப்பீடு ஒன்று, மிளகாயின் காரப் பொருட்களால் நாளுக்கு ஏறக்குறைய 50 கலோரி கூடுதலாக எரியலாம் என்று சொன்னது. விளம்பரங்கள் பெரும்பாலும் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 50 என்றால் ஒரு கிலோ கரைய ஐந்து மாதம் ஆகும். அதுவும் அந்த ஐந்து மாதமும் ஒரு வாய்கூட அதிகமாகச் சாப்பிடாமல் இருந்தால். உடம்பு அப்படிச் சும்மா இருக்காது, எரிந்ததை ஈடுகட்டப் பசியைக் கிளப்பிவிடும்.

50 கலோரி என்பது எவ்வளவு என்று தட்டில் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு சின்ன இட்லி. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. இட்லிப் பொடியில் எத்தனை வத்தல் வறுத்துப் போட்டிருந்தாலும், அதன் நடுவில் குழி பறித்து ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு ஸ்பூனோடு நிற்பதில்லை. பொடியின் காரம் எரித்துக் கொடுப்பதை எண்ணெய் அந்த இடத்திலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறது. மோர்மிளகாயும் இப்படித்தான். உப்பு மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து, கடைசியில் எண்ணெயில் விழுந்து கருகிய பிறகுதான் பழைய சோற்றுக்கு வருகிறது.

குழம்பின் மேல் அவ்வளவு குற்றமில்லை. பாம்பனில் இறங்கிய பாறை மீனோ முரலோ போட்டு, புளி கரைத்து, வத்தல் மல்லி அரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்த குழம்பு உடம்புக்கு நல்ல உணவுதான். மீனில் புரதம் இருக்கிறது, எண்ணெயைக் கட்டுப்படுத்தினால் கலோரியும் அதிகமில்லை. வில்லங்கம் அது போகும் இடத்தில் இருக்கிறது. காரசாரமான குழம்பு சோற்றை இழுக்கும். உறைப்பு தாங்காமல் இன்னொரு பிடி சோறு, சோறு மிஞ்சியதால் இன்னொரு கரண்டி குழம்பு. நம் வீடுகளில் 'குழம்பு நல்லா இருக்கு' என்பதற்கு அடையாளமே சோற்றுப்பானை காலியாவதுதான். நூறு கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. ஓர் அகப்பை கூடினால் போதும், அந்த 50 கலோரிக் கணக்கு கவிழ்ந்துவிடும். பரோட்டாவுக்குச் சால்னா, பிரியாணிக்கு வறுவல் என்று போனால் கணக்கே வேண்டாம்.

தமிழ்நாட்டின் நிலவரத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடோ உடல் பருமனோடோ இருந்தார்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பில் அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களிலும் 28.2 என்பது 37 ஆனது. இந்த ஐந்து ஆண்டில் தமிழ் வீடுகளில் மிளகாய் தீர்ந்துபோய்விடவில்லை. இதை வைத்து மிளகாயால்தான் எடை கூடியது என்று சொன்னால் அதுவும் தப்பு. தினமும் காரம் சாப்பிடும் ஒரு சமூகத்தை அந்தக் காரம் எடையிலிருந்து காப்பாற்றவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

வியர்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரம் சாப்பிட்டதும் நெற்றி பூத்து, மூக்கு ஒழுகி, சட்டை நனைந்துவிடும். 'பார், கொழுப்பு உருகி வழியுது' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சிலர் அதை மெய்யாகவே நம்புகிறார்கள். சுடுகிறது என்று ஏமாந்த மூளை உடம்பைக் குளிரவைக்கத் தண்ணீரை வெளியே அனுப்புகிறது. வழிவது தண்ணீரும் உப்பும்தான். இரண்டு டம்ளர் மோர் குடித்தால் போன எடை திரும்பிவிடும். மோர் எரிச்சலையும் தணிக்கும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு போவதுதான் காரணம். தண்ணீர் குடித்தால் காரம் வாய் முழுக்கப் பரவும், அவ்வளவுதான்.

'மிளகாய் விவசாயிக்கு நல்லது நடக்கட்டுமே, கொழுப்பைக் கரைக்கும் என்றால் சரக்கு விலை ஏறுமே' என்று கேட்பவர்களும் உண்டு. நல்லெண்ணத்தில் வருகிற கேள்விதான். ஆனால் இந்த வியாபாரம் முண்டுக்கு உதவாது. மாத்திரைக்குச் சாறு பிழிகிற ஆலைக்கு வேண்டியது கேப்சைசின். குறைந்த எடையில் நிறைய கேப்சைசின் தரும் மிளகாயைத்தான் அது தேடும். அதற்கு ஆந்திரத்தின் தேஜா இருக்கிறது. வடகிழக்கின் பூத் ஜொலோகியா இருக்கிறது. 2007இல் உலகிலேயே மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் ஏட்டில் ஏறியபோது பூத் ஜொலோகியாவின் காரம் பத்து லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டியிருந்தது. முண்டு அதில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் நிற்கும் மிளகாய். நிறத்துக்காகச் சாறு எடுப்பவர்கள் கர்நாடகத்தின் பியாடகியைத் தேடிப் போவார்கள். முண்டின் பலம் வேறு. தடித்த தோல், அரைத்தால் கிடைக்கும் கொழுகொழுப்பு, நாக்கைச் சுட்டுவிடாமல் குழம்புக்கு மணம் கொடுக்கும் மிதமான காரம். சமையலறைக்காரர்கள் அதை இதற்காகத்தான் கேட்டு வாங்குகிறார்கள். புவிசார் குறியீடு காப்பதும் ஊர் மண்ணோடு சேர்ந்த இந்தத் தன்மைகளைத்தான். எட்டிவயலில் மிளகாய்க்கென்று வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. விலை விழுந்த நாளில் சரக்கை இருத்தி வைத்து விற்க வழி கிடைப்பதும், மழை கெடுத்த ஆண்டில் காப்பீடு தாமதமில்லாமல் வருவதும் விவசாயிக்குச் செய்யும் நன்மை. எடைக்குறைப்பு விளம்பரம் அதைச் செய்யாது.

மாத்திரைக்கு வருவோம். 'இயற்கை' என்ற சொல் இங்கே ரொம்பவே வேலை செய்கிறது. குழம்பில் கரைந்து, சோற்றோடு பிசைந்து, மெல்ல உள்ளே போகும் காரமும், செறிவாக்கி ஒரு குப்பியில் அடைத்து வெறும் வயிற்றில் விழுங்கும் காரமும் ஒன்றல்ல. நெஞ்செரிச்சல், வயிற்றுவலி, பேதி சாதாரணமாக வரும். துருக்கியில் எடை குறைப்பதற்காக மிளகாய் மாத்திரை சாப்பிட்டுவந்த 25 வயது ஆண் ஒருவருக்கு மாரடைப்பு வந்ததை 2012இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் இறுகியதற்கும் மாத்திரைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் நடக்கும் என்று பயமுறுத்தக் கூடாது. அதே நேரம், பக்கவிளைவே இல்லை என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதும் நேர்மை அல்ல.

சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டம், எந்தெந்த நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உடல் பருமன் அதில் ஒன்று. அதனால் மருந்து என்று சொல்லாமல் 'உணவுத் துணைப்பொருள்' என்று சொல்லி விற்கும் சரக்குகளைக் கடைகளில் பார்க்கலாம். பெட்டியின் மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இருந்தால் பலரும் 'அரசே சான்று கொடுத்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண், உணவுத் தொழில் நடத்த அந்த நிறுவனம் உரிமம் பெற்றிருக்கிறது என்பதைச் சொல்கிறது. உள்ளே இருப்பது கொழுப்பைக் கரைக்கும் என்று அது சொல்வதில்லை.

மிளகாய்க்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். கேப்சைசின் கலந்த களிம்பு மூட்டுவலிக்கும், செறிவான கேப்சைசின் பட்டி அக்கி வந்து போன பிறகு நீடிக்கும் நரம்பு வலிக்கும் பயன்படுகின்றன. வலியை உணரும் அதே ஏற்பியைத் தொடர்ந்து தூண்டி மரக்கவைப்பது அதன் உத்தி. நிரூபணம் தெளிவாக இருக்கும் இடம் அது. எடை விஷயத்தில் அந்தத் தெளிவு வரவில்லை. சோதித்த இடங்களில் கிடைத்த பலன் ஓர் இட்லியளவைத் தாண்டவுமில்லை.

எடை குறைய வேண்டும் என்று நினைப்பவர்கள் குழம்பைக் குறைக்க வேண்டாம், முண்டு வத்தலையும் விட வேண்டாம். ஒரு வேளைக்கு ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் மீனையும் காயையும் கூட்டுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு அரை மணி நேரம் நடங்கள். குடல்புண், நெஞ்செரிச்சல், இதயக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் மிளகாய் மாத்திரையைத் தொட வேண்டாம். மற்றவர்களும் அதை வாங்கும் முன் அதன் விலையைப் பாருங்கள். அந்தக் காசுக்குப் பரமக்குடிச் சந்தையில் நல்ல வத்தல் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.